கச்சேரிக் கூட்டத்தைப் படமெடுக்க: இருக்கிற வெளிச்சம் முதலில், ஃபிளாஷ் அப்புறம்

மேடையில் பாடுகிறவருக்கு வெளிச்சம் போட ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள். எதிரே நிற்கிற கூட்டத்துக்கு அப்படி யாரும் இல்லை. மேடையிலிருந்து சிந்துகிற வெளிச்சம், எல்இடி திரையிலிருந்து வருகிற வெளிச்சம், பக்கத்தில் நிற்பவர் கையில் இருக்கும் போன், தூரத்தில் டீக்கடை டியூப் லைட், இவ்வளவுதான் ரசிகர்கள் முகத்தில் விழுவது. கூட்டத்தைப் படமெடுக்கப் போகிறவர் இதை மனதில் வாங்கிக்கொண்டால், எங்கே நிற்பது, எந்தப் பாட்டுக்குக் காத்திருப்பது, ஃபிளாஷ் போடுவதா வேண்டாமா என்று எல்லாமே இதிலிருந்தே பிடிபட்டுவிடும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எவ்வளவு வெளிச்சம் வாங்க வேண்டும் என்பதை, எப்போதும் அங்கே ஏற்கெனவே இருக்கிற வெளிச்சத்துக்கு வையுங்கள். ஃபிளாஷ் போட்டால் அதன் மேல் கொஞ்சமாகச் சேருங்கள். ஃபிளாஷையே முழு வெளிச்சமாக நம்பி எடுத்தால் முன்னால் நாலு முகம் வெள்ளையாக வெந்துபோய், பின்னால் கும்மிருட்டாக, நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் எடுத்தீர்களா, யாரோ வீட்டு மொட்டை மாடியில் எடுத்தீர்களா என்றே தெரியாத படம்தான் வரும். கச்சேரி நடந்த இடத்தின் நிறமும் புகையும் படத்தில் இல்லையென்றால் அந்தப் படத்துக்கு வேலையே இல்லை.

எங்கே நிற்பது

மேடை வெளிச்சம் கூட்டத்தில் நன்றாக விழுவது முதல் சில வரிசைகள் வரைதான். அதைத் தாண்டினால் சட்டென்று இறங்கிவிடும். அதனால் முகங்கள் வேண்டுமென்றால் மேடைக்கும் தடுப்புக்கும் நடுவில் இருக்கும் இடத்தில் நின்று, மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். பத்திரிகை போட்டோகிராபர்களுக்குப் பல நிகழ்ச்சிகளில் முதல் மூன்று பாட்டு வரைதான் அங்கே அனுமதி, அதுவும் ஃபிளாஷ் இல்லாமல். அந்த மூன்று பாட்டும் பாடகரையே எடுத்துத் தீர்த்துவிடுகிறார்கள். இரண்டாவது பாட்டின் பாதியில் ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள், முன்வரிசையில் அழுதுகொண்டே பாடுகிற ஒரு முகமாவது கண்டிப்பாக இருக்கும்.

நேர் நடுவில் நிற்பதைவிடத் தடுப்பின் ஒரு மூலைக்கு நகர்ந்து நிற்பது நல்லது. நடுவில் நின்றால் மேடை வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராக விழுந்து முகங்களைத் தட்டையாக்கிவிடும், சில நேரம் உங்கள் நிழலே ரசிகர் மேல் விழும். மூலையிலிருந்து பார்த்தால் அதே வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கத்தில் விழுந்து மறுபக்கம் நிழலாகி, மூக்கு, கன்னம், வியர்வை எல்லாம் எழுந்து வரும்.

கூட்டத்தின் பின்னாலிருந்து எடுத்தால் முகம் கிடைக்காது, தலைகளும் தூக்கிய கைகளும் கருப்பு உருவங்களாகத்தான் கிடைக்கும். அதற்கு ஃபிளாஷ் கூடவே கூடாது. மேடைக்கு எக்ஸ்போஷர் வைத்துவிட்டு, புகைக்குள் கற்றை கற்றையாக வெளிச்சம் வரும் நேரம் வரை பொறுத்திருங்கள். தோளில் ஏறி உட்கார்ந்த குழந்தை, தலைக்கு மேல் தூக்கிய துண்டு, இப்படி மற்றவர்களுக்கு மேலே எழும் ஏதாவது ஒன்று வேண்டும். இல்லையென்றால் வெறும் மண்டைகளின் வரிசைதான்.

மேடை மேலே ஏற அனுமதி இருந்தால் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து அகல லென்ஸில் கூட்டம் முழுவதையும் எடுக்கலாம். ஆனால் அங்கிருந்து அடிக்கிற எந்தக் கையடக்க ஃபிளாஷும் கூட்டத்தை எட்டாது. அந்தப் படம் லைட்மேன் கையில் இருக்கிறது. நிகழ்ச்சிக்கு முன்பே அவரிடம் போய் அறிமுகப்படுத்திக்கொண்டு, எந்தப் பாட்டில் கூட்டத்தின் மேல் லைட் போடப் போகிறார் என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள், ஏனென்றால் அவர்கள் வேலையை யாரும் வந்து கேட்பதே இல்லை. கடைசியில் பாடகர் கூட்டத்தோடு சேர்ந்து செல்ஃபி எடுக்கும் நேரத்தில் லைட்டெல்லாம் எரியும். அந்தச் சில விநாடிக்கு முன்பே மேடைப் பின்பக்கம் போய் நின்றுவிட வேண்டும்.

இன்னொன்று, பொழுது சாயும் நேரம். திறந்தவெளி நிகழ்ச்சி மாலையிலேயே தொடங்கினால் சூரியன் இறங்கிய பிறகு வரும் இருபது நிமிடத்துக்கு வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும், மேடை லைட்டும் எரிந்துகொண்டிருக்கும், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வரும். கூட்டம் முழுவதும் தெரிகிற அகலப் படம் எடுக்க அதைவிட நல்ல நேரம் அன்றைக்கு வேறு கிடைக்காது. சென்னையில் டிசம்பர் என்றால் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், ஜூனில் ஆறரை தாண்டும். அதைப் பார்த்து முன்கூட்டியே போய்விடுங்கள்.

ஃபிளாஷ் இல்லாமல்

கேமராவை மேனுவலில் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் மேடை லைட் மாறுகிற ஒவ்வொரு முறையும் கேமரா குழம்பிக்கொண்டே இருக்கும். பெரிய நிகழ்ச்சியில் முன்வரிசை முகங்களுக்குத் தொடக்கப் புள்ளியாக ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 3200, எஃப் (அப்பெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு பெரிது) 2, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/160 விநாடி வைத்துப் பாருங்கள். நின்று பாடுகிறவர்களுக்கு 1/125 போதும், குதிக்கிறவர்களுக்கு 1/250க்குக் கீழே போனால் குழைந்துவிடும். இதற்கு விலை உயர்ந்த லென்ஸ் தேவையில்லை, 50 மிமீ எஃப் 1.8 அல்லது 35 மிமீ எஃப் 1.8 போதும், கேமராவோடு சேர்த்துக் கொடுக்கிற ஜூம் லென்ஸைவிட இவை ஏறக்குறைய மூன்று ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் வாங்கும் (ஒரு ஸ்டாப் ஏறினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, இறங்கினால் பாதி). ஐஎஸ்ஓ 6400 என்றதும் பயப்படுகிறவர்கள் நிறைய பேர். புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்தால் படம் கெட்டுவிடாது, முகம் அசைந்து குழைந்தால்தான் கெட்டுவிடும், அதனால் ஐஎஸ்ஓவை ஏற்றி ஷட்டரைக் காப்பாற்றுங்கள்.

சில பெரிய மேடைகளில் பிளைண்டர் என்று ஒரு வகை லைட் வைத்திருப்பார்கள், கூட்டத்தைப் பார்த்தபடி, நாலு அல்லது எட்டு பல்பு சேர்ந்த பெட்டி. பல்லவி உச்சத்துக்குப் போகும்போதோ, பாடகர் மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டும்போதோ அதைப் போடுவார்கள். அந்த ஒரு கணத்தில் கூட்டத்தின் மேல் விழும் வெளிச்சம் மூன்று நாலு ஸ்டாப் ஏறிவிடும், அதற்குள் டயலைச் சுற்றிக்கொண்டிருந்தால் போயே போச்சு. கேமராவில் சி1, சி2 என்று செட்டிங்கைச் சேமித்து வைக்கும் வசதி இருந்தால், சி1ல் சாதாரண இருட்டுக்கும் சி2ல் பிளைண்டருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, 1/250 பிளைண்டருக்கு ஒரு நல்ல தொடக்கம். முதல் முறை போடும்போது எடுக்காமல் கவனியுங்கள், எந்த இடத்தில் போடுகிறார், எவ்வளவு நேரம் வைக்கிறார் என்று. அடுத்த பல்லவியில் அதே இடத்தில் மறுபடி வரும். பழைய டங்ஸ்டன் பல்பு என்றால் நிறம் 3200 கெல்வின் அளவில் மஞ்சளாக இருக்கும், மங்க மங்கச் சிவப்பாகும், அந்தச் சூடான நிறம் நம் ஊர் முகங்களுக்கு மிக அழகாக உட்காரும், அதை ஒயிட் பேலன்ஸில் (நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) திருத்தி வெளுக்க வேண்டாம்.

எல்இடி திரையை மறக்காதீர்கள். மேடைக்குப் பின்னால் இருக்கும் அவ்வளவு பெரிய திரை ஒரு பெரிய ஜன்னல் மாதிரி மென்மையான வெளிச்சம் தரும். அதில் பாடகரின் முகம் நெருக்கமாக வரும்போதோ வெள்ளைப் பின்னணி வரும்போதோ முன்வரிசை முகங்கள் அப்படியே தெளிந்து வரும். அந்த நேரத்தில் எடுங்கள்.

நீல லைட்டும் மெஜந்தா லைட்டும்தான் தலைவலி. வெறும் நீலத்தில் நனைந்த முகத்தில் சிவப்பு, பச்சை சேனல்களில் மிகக் கொஞ்சம்தான் பதிவாகும், நீலம் மட்டும் நிரம்பி வழிந்துவிடும். கேமரா காட்டும் பொது ஹிஸ்டோகிராம், அதாவது வெளிச்ச அளவு வரைபடம், எல்லாம் சரி என்று சொல்லும், ஆனால் வீட்டில் திறந்தால் முகத்தில் கண்ணும் வாயும் இல்லாமல் நீலத் திட்டாக இருக்கும். அதனால் மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொள்ளுங்கள், நீலம் முட்டினால் ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள், ரா ஃபைலில் (கேமரா சுருக்கித் திருத்தாத மூலக் கோப்பு) மட்டும் எடுங்கள். முடிந்தால் அந்தப் பாட்டை விட்டுவிட்டு மஞ்சளோ வெள்ளையோ வரும் பாட்டுக்குக் காத்திருங்கள், எப்படியும் வரும்.

அப்புறம் பட்டை விழுவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்இடி ஃபிளட் லைட்டும் விநாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/50 அல்லது 1/100ல் வைத்தால் தப்பிக்கலாம். 1/250, 1/500 என்று போனால் ஒரு படம் பளிச், அடுத்தது மங்கல், அதற்கடுத்தது பாதி ஆரஞ்சு என்று வரும். கேமராவில் ஆன்டி ஃபிளிக்கர் இருந்தால் போட்டுவிடுங்கள். மேடையில் வைக்கிற நிறம் மாறும் எல்இடி லைட்டுகள் இதைவிட வேகமாக மினுக்கும், அவற்றின் கீழே சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் படம் முழுக்கக் கோடு கோடாக விழும். மெக்கானிக்கல் ஷட்டர்தான் பாதுகாப்பு.

லேசர் விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். லேசர் கற்றை நேராக லென்ஸுக்குள் விழுந்தால் சென்சாரில் நிரந்தரமாக ஓட்டையோ கோடோ விழக்கூடும். கற்றை கூட்டத்தின் மேல் தாழ்வாக ஓடுகிற நிகழ்ச்சி என்றால் மேடைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், மிரர்லெஸ் (சென்சாருக்கு முன்னால் கண்ணாடி இல்லாத கேமரா) என்றால் கேமராவைத் தொங்கவிட்டிருக்கும்போதும் லென்ஸ் மூடியைப் போட்டு வையுங்கள்.

ஃபிளாஷ் போடுவது என்று முடிவெடுத்தால்

தூரம் இரண்டு மடங்கானால் ஃபிளாஷ் வெளிச்சம் கால் பங்காகும். ஒன்றரை மீட்டரில் இருப்பவருக்குச் சரியாக வைத்தால் மூன்று மீட்டரில் இருப்பவருக்கு இரண்டு ஸ்டாப் குறையும், ஆறு மீட்டரில் நாலு ஸ்டாப் குறைந்து ஒன்றுமே தெரியாது. ஆக ஃபிளாஷ் என்பது கூட்டத்துக்கு இல்லை, உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு. மற்றவர்கள் எல்லாம் இருக்கிற வெளிச்சத்தில்தான் தெரிய வேண்டும். கேலரியின் உச்சியிலிருந்து மைதானத்தைப் பார்த்து போனில் ஃபிளாஷ் அடிக்கிறவர்களின் படத்தில் முன்சீட்டுக்காரர் தலைதான் பளபளக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். முன்பு சொன்ன ஐஎஸ்ஓ 3200, எஃப் 2, 1/160 என்ற அளவில் முகங்கள் சரியாக வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இதையே ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6, 1/20 என்று மாற்றுங்கள். அப்பெர்ச்சரில் மூன்று ஸ்டாப் குறைந்தது, ஷட்டரில் மூன்று ஸ்டாப் ஏறியது, ஐஎஸ்ஓவில் இரண்டு குறைந்தது. மொத்தத்தில் சுற்றுப்புறம் இரண்டு ஸ்டாப் இருட்டாகிவிட்டது, ஆனால் காணாமல் போகவில்லை. மேடை லைட்டின் நிறம், புகை, பின்னால் தூக்கிய கைகள் எல்லாம் ஆழ்ந்த நிறத்தில் அப்படியே இருக்கும். இதன் மேல் ஃபிளாஷை மேனுவலில் மிகக் குறைவாக அடித்தால் முன்னால் இருப்பவர் மட்டும் கூர்மையாக எழுந்து நிற்பார். கேமரா மேல் மாட்டுகிற சாதாரண ஃபிளாஷை 24 மிமீ அகலத்தில் நேராக அடித்தால் ஒன்றரை மீட்டருக்கு 1/64 பவரே போதும், வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசரோ பவுன்ஸ் கார்டோ மாட்டியிருந்தால் 1/32 அல்லது 1/16. குறைந்த பவரில் இன்னொரு நன்மை, ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆகக் காத்திருக்க வேண்டாம், அடுத்தடுத்து அடிக்கலாம்.

1/20ல் கை ஆடாதா, ஆள் ஆட மாட்டாரா என்று கேட்பீர்கள். ஆடும். ஆனால் அவர் முகத்தில் விழும் வெளிச்சத்தில் பெரும் பங்கு ஃபிளாஷிலிருந்து வருகிறது, அந்தக் குறைந்த பவரில் ஃபிளாஷ் எரிவது விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கோ அதைவிடக் குறைவோ. வியர்வைத் துளி கூடக் காற்றில் நிற்கும். பின்னணி மட்டும் கொஞ்சம் இழுபடும், அந்த இழுவைதான் அங்கே இருந்த சத்தத்தையும் ஆட்டத்தையும் பார்ப்பவருக்கு உணர்த்தும். ரியர் கர்ட்டன் சிங்க், அதாவது ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன் ஃபிளாஷ் அடிக்கும் முறை, போடச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். ஒருவர் ஒரே திசையில் ஓடினால் அது உதவும். நின்ற இடத்திலேயே குதிக்கிற கூட்டத்தில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை, மாறாக ஃபிளாஷ் எப்போது அடிக்கும் என்று கணிக்க முடியாமல் முகபாவம் தப்பிவிடும். சாதாரண சிங்க்கிலேயே எடுங்கள் என்பது என் யோசனை. வேகமான ஷட்டரோடு ஃபிளாஷை அடிக்க வைக்கும் ஹை ஸ்பீடு சிங்க்குக்கும் இங்கே வேலை இல்லை, அது ஃபிளாஷின் பலத்தைத்தான் தின்னும்.

இருட்டில் ஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும். 24 மிமீ, எஃப் 5.6 என்றால் ஃபோகஸை ஒன்றரை மீட்டரில் பூட்டிவிட்டு, அந்தத் தூரத்துக்கு ஆள் வரும்போது அடிப்பதே வேகமானது. முன்னும் பின்னும் ஒரு முழம் தாராளமாக அடங்கும்.

ஃபிளாஷைக் கேமரா தலையிலேயே வைக்காதீர்கள். இது நான் மிகவும் வற்புறுத்திச் சொல்லும் விஷயம். நம் மைதானங்களில் கூட்டம் குதிக்கத் தொடங்கினால் புழுதி கிளம்பும். லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து நேராக அடிக்கிற ஃபிளாஷ் அந்தத் தூசியைத்தான் முதலில் பிடிக்கும், படம் முழுக்க வெள்ளை வட்டங்கள் மிதக்கும். மேடைப் புகை பரவியிருந்தாலும் அப்படித்தான், படத்தின் மேல் பால் ஊற்றியது போல ஆகிவிடும். கேமராவிலிருந்து தள்ளி வைத்த ஃபிளாஷை அடிக்க வைக்கும் ஒரு டிரிக்கரோ கேபிளோ வாங்கி ஃபிளாஷை இடது கையில் பிடித்து, கையை நன்றாக நீட்டி, தலைக்கு மேலே பக்கவாட்டில் வைத்து அடியுங்கள். தூசி போய்விடும், கண் சிவப்பு போய்விடும், முகத்துக்கு வடிவம் வரும். கூரையில் பட்டுத் திரும்பும்படி பவுன்ஸ் செய்யலாமே என்றால் திறந்தவெளியில் மேலே வானம்தான் இருக்கிறது, உள்ளரங்கத்தில் கூரை பெரும்பாலும் கருப்பு. வெள்ளைத் துணிப் பந்தல் போட்ட இடமாக இருந்தால் அது அதிர்ஷ்டம், மேலே பார்த்து அடியுங்கள். வண்ணத் துணிப் பந்தல் என்றால் முகமும் அந்த வண்ணத்துக்கு மாறிவிடும், ஜாக்கிரதை.

டிடிஎல், அதாவது ஃபிளாஷின் அளவைக் கேமராவே தீர்மானிக்கும் ஆட்டோவை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்னால் இரவு வானம் இருந்தால் ஃபிளாஷ் தேவைக்கு மேல் அடித்து முகத்தை வெளுக்கும், முன்னால் ஒரு வெள்ளைச் சட்டை வந்தால் குறைத்து அடித்து முகத்தைக் கருக்கும். டிடிஎல்தான் போட வேண்டும் என்றால் இரவு வெளியில் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை குறைத்து வையுங்கள். நம்மவர்களின் கருத்த தோல் ஃபிளாஷில் மிக அழகாக வரும், பக்கத்திலிருந்து வரும் சிறிய வெளிச்சத்தில் நெற்றியிலும் கன்னத்திலும் ஒரு மினுப்பு எழும். அதை வெளுப்பாக்கிக் காட்டுவதற்காக ஃபிளாஷை ஏற்றுவதும், பிறகு கணினியில் தோலைத் தேய்த்து வழவழப்பாக்குவதும் அந்த மனிதரை மாற்றுவது. அந்தப் பழக்கத்தைக் கல்யாண ஆல்பத்திலிருந்து இங்கே கொண்டு வராதீர்கள்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. மேடை முழுக்க டங்ஸ்டன் மஞ்சளாக இருந்தால் ஃபிளாஷ் வெள்ளை ஒட்டாமல் நீலமாக நிற்கும். ஃபிளாஷ் மேல் ஆரஞ்சு ஜெல் பேப்பர், அதாவது சிடிஓ, ஒட்டிக்கொண்டு ஒயிட் பேலன்ஸை 3200 பக்கம் வைத்தால் இரண்டும் சேர்ந்துவிடும். மேடை பல வண்ண எல்இடி என்றால் ஜெல் வேண்டாம். ஃபிளாஷ் தன் வெள்ளையிலேயே இருக்கட்டும், முகம் இயல்பான நிறத்திலும் பின்னணி வண்ணங்களிலும் வரும்.

ஃபிளாஷ் அடிக்கும் முன் இரண்டு பேரிடம் சொல்லிவிட வேண்டும். ஒருவர் ஏற்பாட்டாளர். இன்னொருவர் வீடியோ குழுத் தலைவர், இவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவர்கள் கேமராவில் உங்கள் ஃபிளாஷ் பாதித் திரை வெளுத்த பட்டையாகப் பதிவாகும். நேரலை என்றால் அதைத் திருத்தவும் முடியாது. எந்தப் பாட்டில் கிரேன் கேமரா கூட்டத்தின் மேல் வரும் என்று கேட்டுக்கொண்டு அந்த நேரத்தில் அடங்கி இருங்கள்.

ஃபிளாஷை அணைத்தே வைக்க வேண்டிய இடங்கள்

பாடகர் எல்லோரும் போன் லைட்டைத் தூக்குங்கள் என்று சொல்லும்போது. ஒரே ஒரு ஃபிளாஷ் அந்த ஆயிரம் வெளிச்சத்தையும் அடித்துவிடும். இதற்கு 1/60, எஃப் 2.8 அல்லது 4, ஐஎஸ்ஓ 6400 வரை போகலாம். எஃப் 1.8ல் எடுத்தால் ஒவ்வொரு போனும் பெரிய உருண்டையாகப் பரவும், எஃப் 4ல் புள்ளி புள்ளியாகச் சிதறும். எனக்குப் புள்ளிகள்தான் பிடிக்கும், எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரியும். ஃபோகஸைக் கூட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் இருக்கும் ஏதாவது ஒரு போன் லைட்டில் பிடியுங்கள்.

மார்கழி சீசனில் சபாக்களில் ஃபிளாஷ் என்ற பேச்சே வேண்டாம். மியூசிக் அகாடமியோ தெருமுனைச் சின்னச் சபாவோ, அனுமதி வாங்கிக்கொண்டு ஓரமாக நின்று, இருக்கிற வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். ராக ஆலாபனை நடக்கும்போது ஷட்டர் சத்தமே தொந்தரவு, அதனால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர். மேலே சொன்ன பட்டைப் பிரச்சினை வருமே என்றால், அசையாமல் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு 1/50 போதும், அந்த வேகத்தில் டியூப் லைட் பட்டை விழாது. சபாக் கூட்டத்தில் முகத்தைவிடக் கைகளைப் பாருங்கள். தொடையில் தாளம் போடும் கைகள், தனி ஆவர்த்தனத்தின்போது விரல் விட்டு எண்ணுகிறவர்கள், பாட்டுப் பெயரைக் குறித்துக்கொள்ளும் சின்ன நோட்டுப் புத்தகம். 85 மிமீ லென்ஸ் ஒன்று இருந்தால் இதற்கென்றே கொண்டு போகலாம்.

கோயில் திருவிழா இன்னிசைக் கச்சேரி வேறு உலகம். அங்கே இருட்டு என்பதே கிடையாது. தெரு முழுக்க டியூப் லைட்டும் சீரியல் செட்டும் எரியும், கூட்டம் பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்திருக்கும், பெண்களும் குழந்தைகளும் முன்னால், வாலிபர்கள் பின்னால் நின்று விசில் அடிப்பார்கள். வெள்ளை எல்இடி ஃபிளட் லைட் பெரும்பாலும் 6500 கெல்வின், ஃபிளாஷின் நிறத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும், அதனால் ஜெல் கவலை இல்லை. ஆனால் ஃபிளாஷ் தேவையும் இல்லை. ஐஎஸ்ஓ 1600, எஃப் 2, 1/100ல் எல்லாம் வந்துவிடும். ஆடுகிற வாலிபர்கள் பக்கம் போனால் மட்டும் ஃபிளாஷ் போடலாம், அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். தூங்கி விழும் குழந்தைகள் பக்கம் வேண்டாம்.

இருட்டில் உட்கார்ந்திருக்கும் ரசிகர்களைத் தொந்தரவு செய்யாமல் எடுக்கும் ஆசை பழையதுதான். 1940களில் நியூயார்க்கில் வீஜி என்ற புகைப்படக்காரர் அகச்சிவப்பு ஃபிலிமும் அகச்சிவப்பு ஃபிளாஷும் வைத்து இருட்டரங்கத்துப் பார்வையாளர்களை அவர்களுக்குத் தெரியாமலே எடுத்தார். படங்கள் அபாரமானவை. ஆனால் முத்தமிட்டுக்கொண்டிருந்தவர்களும் அதில் இருந்தார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. இன்று ஐஎஸ்ஓ 12800ல் நாமும் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட முடியும் என்பதால் இது நமக்கும் பொருந்தும். நம் ஊரில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் தோளோடு தோள் உரசி நின்று பாடுகிற படம் இணையத்தில் போனால், அந்தப் பெண்ணின் வீட்டில் அன்றிரவே பிரச்சினை வரலாம், சாதி வேறு என்றால் அது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட படம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் அவர்களிடம் காட்டிக் கேட்காமல் வெளியிடாதீர்கள். நெருக்கத்தில் ஃபிளாஷ் அடித்து எடுப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது, எடுத்தது அவருக்குத் தெரியும். எடுத்தவுடன் திரையைத் திருப்பிக் காட்டுங்கள். வேண்டாம் என்று கை காட்டினால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். குழந்தை என்றால் பக்கத்தில் இருக்கும் அப்பா அம்மாவைப் பார்த்துத் தலையசைத்துக் கேட்ட பிறகுதான்.

சில சின்ன விஷயங்கள். ஏசி காரிலிருந்து இறங்கிய கையோடு கேமராவை வெளியே எடுத்தால் சென்னைக் காற்றில் லென்ஸ் பனி படிந்துவிடும், பையோடு வெளியில் ஒரு கால் மணி நேரம் இருக்கட்டும். ஃபிளாஷ் பேட்டரிக்கு ரீசார்ஜ் செய்கிற நிக்கல் செல் வாங்குங்கள், இன்னொரு செட் பாக்கெட்டில். கூட்டத்துக்குள் ஒரு கேமரா, ஒரு லென்ஸ், ஒரு ஃபிளாஷ், அதற்கு மேல் வேண்டாம், முதுகில் பெரிய பை இருந்தால் மற்றவர் முகத்தில் இடிக்கும். நெரிசல் கூடித் தோளோடு தோள் நகர முடியாத நிலை வந்தால் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரத்துக்கு வந்துவிடுங்கள், படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வெளியேறும் வழியில் ஒருபோதும் நிற்காதீர்கள்.

கையில் போன் மட்டும்தான் இருக்கிறது என்றால், அதன் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், அது இரண்டு மீட்டர் போவதே பெரிய விஷயம். நைட் மோடும் வேண்டாம், அது பல படங்களை அடுக்கிச் சேர்ப்பதால் குதிக்கிறவர்கள் கஞ்சி போலக் கரைந்துவிடுவார்கள். ஜூம் செய்யாமல் முதன்மை லென்ஸில், மேடை வெளிச்சம் விழும் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு, பிளைண்டர் வரும் நேரத்துக்குத் தயாராக இருங்கள்.

வீட்டுக்கு வந்து திருத்தும்போது நிழல்களை இழுத்து இழுத்து ஏற்றாதீர்கள், ஐஎஸ்ஓ 6400ல் அங்கே நாய்ஸைத் தவிர வேறு எதுவும் இல்லை. நீலத்தில் நனைந்து வீணானது என்று நினைக்கும் படங்களைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், நீலச் சேனலின் பங்கைக் குறைத்து மற்ற இரண்டிலிருந்து முகத்தை மீட்டால் பாதிக்குப் பாதி தேறிவிடும். ஃபிளாஷும் மேடை வெளிச்சமும் கலந்த படத்தில் முகத்துக்கு ஒயிட் பேலன்ஸை வைத்துவிட்டுப் பின்னணியை அதன் போக்கில் விடலாம். எல்லோரும் போனில்தான் பார்க்கப் போகிறார்கள், அதனால் அனுப்புவதற்கு முன் போன் திரையின் பிரகாசத்தைப் பாதியாக வைத்து ஒருமுறை பாருங்கள். முகம் தெரியவில்லை என்றால் இன்னும் அரை ஸ்டாப் ஏற்றி மறுபடி சேமித்து அனுப்புங்கள்.